காதில் விழுவதும் காது கொடுப்பதும்: ஓர் ஆம்பியன்ட் இண்டஸ்ட்ரியல் ஆல்பத்தைக் கேட்கும் முறை

மெட்டு இல்லை, பல்லவி இல்லை, இடையில் குரல் வந்தாலும் சொல் பிடிபடுவதில்லை. தாளம் என்று எதையாவது பற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், இருபது நிமிடங்களுக்குப் பிறகும் தொலைவில் ஏதோ ஓர் எந்திரம் ஓடிக்கொண்டிருப்பது போன்ற முழக்கம்தான் மிஞ்சுகிறது. சோதனை முயற்சியாக உருவான ஆம்பியன்ட் இண்டஸ்ட்ரியல் ஆல்பம் ஒன்றை முதல்முறையாகக் கேட்பவர் பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவருடைய செவியில் குறையில்லை. பாட்டுக் கேட்டுப் பழகிய செவிக்கு இங்கே செய்வதற்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான். அந்தச் செவிக்கு வேறு என்ன வேலை கொடுக்கலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன்.

'காதில் விழுந்தது' என்பதும் 'காது கொடுத்துக் கேட்டேன்' என்பதும் தமிழில் வேறு வேறு செயல்கள். முன்னதில் நம் முயற்சி எதுவும் இல்லை. பின்னதில் மனம் ஒலியின் பக்கம் முழுவதுமாகத் திரும்பியிருக்கிறது. இந்த இசை இவ்விரண்டையும் ஒரே அமர்வில் நம்மிடம் எதிர்பார்க்கிறது. காரணம், இதற்கு இரண்டு பூர்வீகங்கள் உண்டு. 1975ஆம் ஆண்டு விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்த ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, பார்க்க வந்தவர் போட்டுவிட்டுப் போன ஹார்ப் இசைத்தட்டு மிக மெல்லிய ஒலியில் ஓட, எழுந்து சென்று ஒலியைக் கூட்ட முடியாத நிலையில், வெளியே பெய்த மழையின் ஓசையோடு சேர்த்தே அதைக் கேட்க நேர்ந்தது. அறையின் வெளிச்சத்தைப் போல இசையும் சூழலின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்னும் எண்ணம் அங்கே அவருக்குப் பிடிபட்டது. 1978இல் விமான நிலையங்களுக்கென்று அவர் வெளியிட்ட ஆல்பத்தின் குறிப்பில், ஆம்பியன்ட் இசை ஆர்வத்தோடு கேட்கத் தக்கதாக இருக்கும் அளவுக்கே கவனியாமல் விடவும் தக்கதாக இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார்.

மற்றொரு பூர்வீகத்தின் குணமே வேறு. 1976இல் இங்கிலாந்தில் த்ராபிங் கிரிஸில் இசைக்குழுவினர் தங்கள் வெளியீடுகளுக்காகத் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்னும் நிறுவனத்தின் பெயரே பிறகு இந்த வகைக்கு ஆகுபெயராயிற்று. 1980இல் மேற்கு பெர்லினில் உருவான ஐன்ஸ்டூர்ட்செண்டே நாய்பாட்டன் குழுவினர் இரும்புத் தகடுகளையும் துளையிடும் கருவிகளையும் இசைக்கருவிகளாக மேடையேற்றினார்கள். கேட்பவர் வேறு எதையும் நினைக்க இடம் தராத ஒலி அது. ஆகவே, ஆம்பியன்ட் இண்டஸ்ட்ரியல் என்று இரண்டும் சேர்ந்து வரும்போது, ஒன்று 'நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்' என்கிறது. மற்றொன்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. செவி விலகிப் போவதும் திரும்பி வருவதும் இங்கே கேட்கும் முறையின் ஓர் அங்கம். பாட்டு வகுப்பில் கவனம் சிதறினால் பிழை. இங்கே அப்படி அன்று. இதை ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கருவியும் அறையும்

கைபேசியின் ஸ்பீக்கரிலும் மடிக்கணினியின் ஸ்பீக்கரிலும் இவ்வகை ஆல்பங்களைக் கேட்க வேண்டாம். இது ரசனை சார்ந்த பிடிவாதம் அன்று. மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸில் (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை செல்கிறது. இந்த இசையின் பாரம் பெரும்பாலும் அதன் அடிமட்டத்தில், சில பத்து ஹெர்ட்ஸ்களிலிருந்து நூற்றுச் சொச்சம் ஹெர்ட்ஸ்களுக்குள் அடங்கிவிடுகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு ஸ்பீக்கரால் அந்த அளவு காற்றை அசைக்க முடியாது. நான் இவ்வகையில் முதன்முதலாகக் கேட்ட ஆல்பத்தை மடிக்கணினியில்தான் ஓடவிட்டேன். முதல் நான்கு நிமிடங்களுக்கு மெல்லிய சீறல் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. கோப்பு பழுதாகிவிட்டதோ என்று மறுபடியும் பதிவிறக்கம் செய்தேன். மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டபோது, அந்தச் சீறலுக்கு வெகு கீழே, பெரிய விலங்கு ஒன்று உறங்கும்போது விலா ஏறி இறங்குவதைப் போல ஒரு முழக்கம் முதல் நொடியிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. நான் இசையின் நுரையை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதப் பார்த்திருக்கிறேன்.

ஹெட்போனா, ஸ்பீக்கரா என்ற கேள்விக்கு என் விடை: முதல் தடவை ஹெட்போன், பிறகு வாய்ப்பிருந்தால் ஸ்பீக்கர். காதை முழுவதும் மூடும் வகை ஹெட்போன் போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஸ்பீக்கரில் கேட்பதற்கு வேறொரு சுவை உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். சாதாரண அறையைவிட அலை நீளமாக இருப்பதால், அது சுவர்களில் மோதித் திரும்பி, சில இடங்களில் குவிந்தும் சில இடங்களில் தேய்ந்தும் நிற்கிறது. நீண்ட முழக்கம் ஒன்று ஓடும்போது எழுந்து மெதுவாக அறைக்குள் நடந்து பாருங்கள்: நடுவில் மெலியும் ஒலி மூலையில் மார்பில் வந்து முட்டும். ஒரே ஆல்பம் ஒவ்வோர் அறையிலும் வேறாக ஒலிப்பதற்கு இதுவே காரணம். பிடித்த இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒலிபரப்பும் செயலியில் சில அமைப்புகளைச் சரிபார்ப்பது நல்லது. ட்ராக்குகளை வரிசை கலைத்து ஓடவிடும் ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். ட்ராக்குகளுக்கு இடையே இடைவெளி விழாமல் தொடரும் வசதி இருந்தால் அதை இயக்க வேண்டும். ஏனெனில் இந்த ஆல்பங்களில் ஒரு ட்ராக்கின் வால் அடுத்த ட்ராக்கின் தலைக்குள் இருக்கும், நடுவில் அரை நொடி மௌனம் விழுந்தாலும் கட்டடத்தில் விரிசல் விட்டதைப் போல் ஆகிவிடும். ஒவ்வொரு ட்ராக்கையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவரும் வசதியையும், பாஸைக் கூட்டும் ஈக்வலைசரையும் அணைத்துவிட வேண்டும். மிகவும் சுருக்கப்பட்ட கோப்புகளையும் தவிர்க்கலாம். சீறலும் இரைச்சலும் சுருக்குவதற்குக் கடினமானவை. தரம் குறைந்த கோப்பில் அவை நீருக்கடியில் சலசலப்பதைப் போல் குழைந்துவிடும், அது இசைக்கலைஞரின் வேலை என்று நாமும் நம்பிவிடுவோம்.

இப்படி நம்பிய கதை எனக்கும் உண்டு. ஓர் இரவு ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தபோது, இசைக்கு அடியில் சீராக ஓடிய ரீங்காரம் ஒன்றை வெகுவாக ரசித்தேன். பதினைந்து நிமிடம் கழித்து அது 'க்ளக்' என்று நின்றபோதுதான் அது குளிர்சாதனப் பெட்டி என்று தெரிந்தது. வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை, இசைக்கும் சூழலின் ஓசைக்கும் இடையிலான எல்லையை அழிப்பதற்காகவே இந்த இசை வருகிறது. ஆனாலும் முதல் தடவையாவது, மின்விசிறி, குளிர்சாதனம் ஆகியவற்றின் ஓசைகள் எவை என்று ஒரு நிமிடம் அமைதியாக உட்கார்ந்து கேட்டுவிட்டு ஆல்பத்தைத் தொடங்கினால், எது யாருடையது என்ற கணக்கு கையில் இருக்கும்.

ஒலியின் அளவில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். ஒலி மெலிய மெலிய, மனிதச் செவி அடிமட்ட ஒலிகளை மற்றவற்றைவிட வேகமாக இழந்துவிடுகிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1933இல் இதை அளந்து வரைபடமாக்கினார்கள். எனவே மிகவும் குறைத்து வைத்தால் ஆல்பத்தின் அடித்தளமே காணாமல் போகும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டவும் கூடாது. இவ்வகை ஆல்பங்கள் அநேகமாக முணுமுணுப்பில் தொடங்குகின்றன. அது கேட்கவில்லையே என்று கூட்டிவைத்தால், பதினோராம் நிமிடத்தில் இரும்பு உத்தரம் விழும் ஓசை நேராகச் செவிப்பறையில் விழும். நான் கடைப்பிடிக்கும் வழி எளியது: கேட்கத் தொடங்குவதற்கு முன் ஆல்பத்தின் மிக உரத்த இடத்தைத் தேடி, சில நொடிகள் ஓடவிட்டு, அங்கே காதுக்கு இதமாக இருக்கும் அளவில் ஒலியை நிறுத்திவிட்டு, பிறகு முதலிலிருந்து தொடங்குகிறேன். ஆச்சரியம் சிறிது குறையும், காது மிஞ்சும். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏற்கெனவே காதில் இரைச்சல் உள்ளவர்கள் ஹெட்போனைத் தவிர்த்து, ஸ்பீக்கரில் மெலிதாகக் கேட்பதே முறை.

முதல் தடவை

ஆல்பத்தை முழுவதுமாக, ஒரே இருப்பில், இடையில் நிறுத்தாமல் கேட்க வேண்டும். ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாத நாளில் தொடங்கவே வேண்டாம். ட்ராக்குகளின் பெயர்களையும் விமர்சனங்களையும் முன்கூட்டிப் படிக்காதீர்கள். 'சுரங்கம்' என்று பெயரைப் படித்துவிட்டால் பிறகு சுரங்கம்தான் கேட்கும். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். விளக்கைக் குறைப்பதும் கண்ணை மூடுவதும் உங்கள் விருப்பம்; முற்றிருளில் கேட்டால்தான் இது 'விளங்கும்' என்பது இந்த இசையின் அன்பர்கள் வளர்த்துவிட்ட சடங்கு.

இந்தத் தடவை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மனம் விலகிப் போகும்போது அதை இழுத்துப் பிடிக்க வேண்டாம். அது தானாகத் திரும்பி வரும் கணத்தை மட்டும் கவனியுங்கள். நாளைய வேலையைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தவர் திடுமென ஆல்பத்துக்குள் வந்து நிற்பார். ஏன் வந்தார்? ஏதோ ஒன்று மாறியிருக்கிறது: ஓர் அடுக்கு நின்றுபோயிருக்கலாம், ஓர் ஒலி நெருங்கி வந்திருக்கலாம், எதிரொலியின் நீளம் குறைந்து பெரிய மண்டபம் சிறிய அறையாக மாறியிருக்கலாம். பாட்டில் சரணத்துக்குச் சரணம் இடைவெளி தெளிவாகத் தெரியும். இங்கே அந்தப் பிரிவுகளை உங்கள் கவனமே காட்டிக்கொடுக்கிறது. முதல் தடவை முடிந்ததும் அத்தகைய நான்கைந்து திரும்புமுனைகள் நினைவில் நின்றால் போதும். ஒன்றுகூட நிற்கவில்லை என்றாலும் கெட்டுப்போகவில்லை. தூங்கிப்போவதும் நடக்கும், எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது.

இரண்டாம் தடவை: பெயர் சூட்டாமல் கேட்பது

ஓரிரு நாள் இடைவெளி விட்டு, இந்தத் தடவை தாளும் பென்சிலுமாக உட்கார வேண்டும். ஆல்பம் முழுவதையும் கேட்க வேண்டியதில்லை, ஒரு ட்ராக் போதும்.

செவியின் பழக்கம் ஒன்றை இங்கே எதிர்கொள்ள வேண்டியிருக்கும்: எந்த ஒலியைக் கேட்டாலும் 'இது என்ன?' என்று கேட்டு, 'கதவு', 'ரயில்', 'சங்கிலி' என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டு, அதோடு கேட்பதை நிறுத்திவிடுவது. பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷேஃபர் 1948இல் ரயில் எஞ்சின்களின் ஓசைகளைத் தட்டில் பதிந்து இசையாக்கியபோது முட்டிக்கொண்டதும் இந்தப் பழக்கத்தோடுதான். அவர் கண்டுபிடித்த இரண்டு உத்திகள் நமக்கு இன்றும் உதவும். ஒன்று, இசைத்தட்டின் சுழல் பள்ளத்தில் ஒரு சுற்றை மட்டும் மூடிய வட்டமாக்கி, அதே ஒலித்துண்டு திரும்பத் திரும்ப ஓடும்படி செய்தார். பத்தாவது சுற்றில் அது ரயிலாக இருப்பது நின்று, ஏற்றமும் இறக்கமும் கரகரப்பும் கொண்ட வெறும் ஒலியாக மாறிவிடுகிறது. இரண்டு, மணியோசையின் தொடக்க அடியை வெட்டி நீக்கிவிட்டு மீதியை மட்டும் ஓடவிட்டார். மணி மணியாகக் கேட்கவில்லை, ஊதுகருவியைப் போல் கேட்டது. ஒலியை அடையாளம் காட்டுவதில் அதன் முதல் நொடித்துளிக்கு இருக்கும் பங்கு அவ்வளவு பெரிது. ஆம்பியன்ட் இண்டஸ்ட்ரியல் ஆல்பங்களில் எங்கும் நிறைந்திருக்கும் அந்த 'என்னவென்று தெரியாத' ஒலிகளில் பல, தொடக்கம் மழுங்கடிக்கப்பட்ட, வேகம் குறைக்கப்பட்ட, மிகச் சாதாரணமான ஓசைகளே.

பொருளின் பெயரை எழுதாமல் ஒலியின் தன்மையை எழுத முயலும்போது தமிழர்க்கு ஒரு வசதி உண்டு. ஒலிக்குறிப்புச் சொற்களுக்கு நம் மொழியில் பஞ்சமில்லை. அவை பொருளைச் சொல்வதில்லை, பரப்பைச் சொல்கின்றன. 'சரசர' என்பதில் உலர்ந்த, இலேசான உராய்வு இருக்கிறது. 'கரகர'வில் துகள் பெரிது. 'நறநற'வில் இரண்டு கடினமான பரப்புகள் அழுத்தத்தோடு அரைபடுகின்றன. 'கிணுகிணு' மெல்லிய உலோகம், 'கணகண' கனத்த உலோகம். 'கடகட'வில் தனித்தனி அடிகள் எண்ணத் தக்கவை. 'தடதட'வில் அடிகளோடு தரையும் அதிர்கிறது. நீடிக்கும் ஒலிகளுக்கு முரலல், ரீங்காரம், உறுமல், முழக்கம் என்று அடர்த்தி ஏறிக்கொண்டே போகும் வரிசை இருக்கிறது. தாளின் இடப்பக்கத்தில் நிமிடத்தையும் வலப்பக்கத்தில் இத்தகைய ஒரு சொல்லையும் மட்டும் எழுதுங்கள். '3: முரலல். 5: முரலலுக்குள் சரசர. 8: சரசர நின்றது, முரலல் உறுமலாகியது. 12: மிகத் தொலைவில் கணகண, ஒரே ஒரு முறை.' இவ்வளவுதான் குறிப்பு. இதை எழுதி முடித்தவருக்கு, ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றிய ட்ராக்கில் எத்தனை நடந்திருக்கிறது என்பது கண்ணெதிரே இருக்கும்.

அசைவே இல்லாத ட்ரோனை, அதாவது மாறாமல் நீண்டு ஒலிக்கும் முழக்கத்தை, என்ன செய்வது என்று கேட்கலாம். நர்ஸ் வித் வூண்ட் என்ற பெயரில் இயங்கும் ஸ்டீவன் ஸ்டேபிள்டன் 1988இல் வெளியிட்ட 'சொலிலக்வி ஃபார் லிலித்' இதற்குச் சரியான பாடம். அதில் இசைக்கருவி எதுவும் இல்லை. எஃபெக்ட் பெடல்கள் எனப்படும், ஒலியை மாற்றித் தரும் சிறு மின்கருவிகளை ஒன்றோடொன்று வளையமாக இணைத்து, உள்ளே எந்த ஒலியையும் செலுத்தாமல் விட்டபோது, வளையம் தானாகவே முரலத் தொடங்கியது. அவர் கையைப் பெடல்களுக்கு அருகே கொண்டுபோவதும் விலக்குவதும் அந்த ஒலியை மாற்றின. முதல் ஐந்து நிமிடம் கேட்பவருக்கு அது உறைந்துபோன ஒரே ஒலி. பிறகு அதற்குள் ஒரு துடிப்பு தென்படும். 100 ஹெர்ட்ஸும் 101 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும்; வேறுபாடு கூடினால் துடிப்பு விரையும், குறைந்தால் நிதானிக்கும். தம்புராவுக்குச் சுருதி கூட்டுபவர்கள் இரண்டு தந்திகளுக்கு இடையே தேடித் தேடி அழிக்கும் அதே அலைவுதான். இங்கே அதை அழிக்காமல் வளரவிட்டிருக்கிறார்கள். ட்ரோனில் தாளம் எங்கே என்று தேடுபவர் இந்தத் துடிப்பை எண்ணத் தொடங்கலாம். எண்ணிக்கொண்டிருக்கும்போதே அது நிதானிப்பதையும், கிட்டத்தட்ட நின்று மறுபடி எழுவதையும் கவனித்துவிட்டால், இருபது நிமிடம் நீளம் என்ற புகார் பிறகு எழாது.

அடுத்து, ஒலிகள் நிற்கும் இடத்தைக் கேளுங்கள். எது அருகில், எது தொலைவில், எது இடக்காதுக்குப் பின்னால்? லஸ்ட்மோர்ட் என்னும் இசைக்கலைஞர் 1990இல் வெளியிட்ட 'ஹெரஸி' போன்ற ஆல்பங்களில் மெட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெளிதான் இருக்கிறது. நிலவறைகளிலும் குகைகளிலும் எடுத்த பதிவுகள் அதில் கலந்திருக்கின்றன. ஓர் ஓசை எழுந்து முற்றிலும் தேய்ந்து மறைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு நொடி என்றால் ஒரு கூடம். பத்து நொடி என்றால் மனிதருக்காகக் கட்டப்படாத ஏதோ ஓர் இடம். அந்த எண்ணிக்கை ஆல்பத்தின் நடுவே மாறும்போது, கேட்பவர் இருந்த இடத்திலிருந்தே பெயர்க்கப்படுகிறார். அச்சமூட்டும் படத்தின் பின்னணி இசையைப் போல் இருக்கிறது என்று பலர் சொல்வதற்கு இந்தப் பெயர்ப்பே மூலம் என்பது என் கருத்து. நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிடலாம், இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

மூன்றாம் தடவை

இப்போது ஒலியைக் குறைத்து, ஸ்பீக்கரில் ஓடவிட்டு, உங்கள் வேலையைப் பார்க்கலாம். துணி மடிக்கலாம், கணக்கு எழுதலாம். பேச்சும் படிப்பும் மட்டும் ஒத்துவராது. முதலில் சொன்னபடி அடிமட்டம் மெலிந்துவிடும். ஆனால் இரண்டு தடவை காது கொடுத்துக் கேட்டவருக்கு அந்த முழக்கம் எங்கே இருக்க வேண்டும் என்பது தெரிந்திருப்பதால், அது காதில் விழும் சிறு தடயத்தையும் மனம் பிடித்துக்கொள்கிறது. எட்டாம் நிமிடத்தில் சரசரப்பு நிற்கும்போது கை தானாக ஒரு கணம் நின்றால், ஆல்பம் உங்களுக்குள் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்று தடவைக்குப் பிறகும் ஒன்றும் ஒட்டவில்லை என்றால், ஆல்பமே சோம்பலானதாக இருக்கலாம். எதிரொலியை அள்ளிக் கொட்டிவிட்டால் எந்த ஓசையும் ஆழமானதாகத் தோன்றும்; இந்த வகையில் எளிதாகக் கைவரும் ஏமாற்று இதுதான். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ட்ராக்கின் நடுவிலிருந்து இரண்டு நிமிடத்தைத் தாண்டிக் குதித்துப் பாருங்கள். நல்ல ட்ராக்கில், அது எவ்வளவு அசைவற்றதாகத் தோன்றினாலும், துடிப்பின் வேகமோ அடுக்குகளின் எடையோ வெளியின் அளவோ ஏதோ ஒன்று தட்டுப்படும்படி மாறியிருக்கும், குதித்தது காதுக்குத் தெரியும். தெரியவே இல்லை என்றால், குறிப்புத் தாளை எடுத்து, ஆல்பத்தின் வேறொரு ட்ராக்கில் அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கேயும் தெரியவில்லை என்றால் அந்த ஆல்பத்தை மூடிவிட்டு வேறொன்றுக்குப் போகலாம். ஆனால் அதே இரவில் வேண்டாம், ஒரு மணி நேர முழக்கத்துக்குப் பிறகு காது சிறிது நேரம் மழுங்கிப்போயிருக்கும், அடுத்து வரும் ஆல்பத்தின் மெல்லிய தொடக்கம் முழுவதும் வீணாகிவிடும்.